வண்ணம் ஏறுமா, கடன் ஏறுமா?

புகைப்படம், கோப்பை, டி-ஷர்ட், அடையாள அட்டை என எல்லாவற்றுக்கும் ஒரே பெயரில் விற்கப்படுகிறது டை சப்ளிமேஷன் பிரிண்டர். சிறுதொழிலுக்கு அதை வாங்குமுன் போட வேண்டிய கணக்குகள் சில.

டெல்லி நேரு ப்ளேஸிலோ, பெங்களூர் எஸ்.பி. ரோட்டிலோ, சென்னை ரிச்சி தெருவிலோ ஒரு கடைக்குள் நுழைந்து, டை சப்ளிமேஷன் பிரிண்டர் வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள். ஒரு கடைக்காரர், கல்யாண மண்டபத்தில் பத்துப் பன்னிரண்டு விநாடிக்கு ஒரு படத்தைத் தள்ளும் கனமான பெட்டியைக் காட்டுவார். பக்கத்துக் கடையில் நான்கு மைப் புட்டிகளோடு ஓர் இங்க்ஜெட் பிரிண்டரையும், இஸ்திரிப் பெட்டியின் பெரியண்ணன் போன்ற ஹீட் பிரஸ்ஸையும் காட்டுவார்கள். மூன்றாவது கடையில் பள்ளிக்கூட அடையாள அட்டை போடும் சிறிய இயந்திரம் மேஜைக்கு வரும். மூவரும் பொய் சொல்லவில்லை. மூன்றுக்கும் பெயர் அதுதான்.

தொழில் தொடங்க நினைப்பவருக்கு இது வெறும் பெயர்க் குழப்பம் அல்ல. நகையை அடகு வைத்தோ, வங்கியில் கடன் எழுதிக் கொடுத்தோ வாங்கும் முதல் இயந்திரம் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கிறது. கோப்பையில் படம் போட நினைத்தவர் புகைப்படப் பிரிண்டரை வாங்கிவிட்டால், அதிலிருந்து ஒரு கோப்பைகூட வெளிவராது. கல்யாண வீட்டில் உடனுக்குடன் படம் கொடுக்க நினைத்தவர் இங்க்ஜெட்டையும் ஹீட் பிரஸ்ஸையும் வாங்கினால், விருந்தினர்கள் சாப்பிட்டு முடித்து வீடு போய்ச் சேர்ந்திருப்பார்கள். வாங்கிய இயந்திரத்தைத் திருப்பி விற்கும்போதோ போட்ட பணத்தில் பெரும்பகுதி கரைந்திருக்கும்.

கற்பூர வித்தை

சப்ளிமேஷன் என்றால் பதங்கமாதல். கற்பூரத்தைத் திறந்து வைத்தால் உருகாமலே காற்றில் கரைந்து மறைகிறதல்லவா, அதே வித்தை. சில சாயங்கள் சூடானதும் திரவமாகாமல் நேராக ஆவியாகின்றன. 1957-ல் பிரான்ஸைச் சேர்ந்த நோயல் டி பிளாஸ் இதைத் துணியில் படம் ஏற்றப் பயன்படுத்தலாம் என்று கண்டார். இன்று சூரத்தில் மைல் கணக்கில் ஓடும் பாலியஸ்டர் சேலைகளிலும், ஜலந்தரிலும் மீரட்டிலும் தைக்கப்படும் விளையாட்டு உடைகளிலும் இந்த முறை வேலை செய்கிறது.

துணிக்கும் கோப்பைக்கும் நடப்பது இதுதான்: சிறப்பு மையைக் கொண்டு காகிதத்தில் படம் தலைகீழாக, அதாவது கண்ணாடியில் தெரிவதுபோல அச்சாகிறது. அந்தக் காகிதத்தைப் பொருளின் மீது வைத்து, ஏறத்தாழ 180 முதல் 200 டிகிரி சென்டிகிரேடு வரையிலான சூட்டில் அழுத்த வேண்டும். டி-ஷர்ட்டுக்கு ஒரு நிமிடத்துக்குள் வேலை முடியும். கோப்பைக்குச் சில நிமிடங்கள் ஆகும். சாயம் ஆவியாகிப் பாலியஸ்டர் இழைக்குள்ளேயே புகுந்து உட்கார்ந்துவிடும். மேலே ஒட்டிக்கொண்டிருக்கும் படமல்ல என்பதால் உரிவதில்லை, தடவினால் கையில் தட்டுப்படுவதும் இல்லை.

புகைப்படப் பிரிண்டரில் மைக்குப் பதில் ரிப்பன். மஞ்சள், மெஜந்தா, சையான் என மூன்று வண்ணங்களும், கடைசியில் நிறமற்ற பாதுகாப்புப் பூச்சும் ரிப்பனில் வரிசையாக இருக்கும். ஒரே தாள் நான்கு முறை உள்ளும் வெளியும் போய்வரும். சூடாகும் முனைகளின் வெப்பத்தைக் கூட்டிக் குறைப்பதன் மூலம் ஒவ்வொரு புள்ளியிலும் எவ்வளவு சாயம் இறங்குகிறது என்பது தீர்மானிக்கப்படுகிறது. அதனால்தான் அங்குலத்துக்கு 300 புள்ளிகளே இருந்தாலும் முகத்தின் நிறம் திட்டுத் திட்டாக இல்லாமல் வழவழவென்று வருகிறது. 'இங்க்ஜெட்டில் 5,760 புள்ளிகள், இதில் வெறும் 300தானா?' என்று எண்ணை மட்டும் பார்த்து முடிவு கட்டக் கூடாது.

அடையாள அட்டைப் பிரிண்டரும் இதே ரிப்பன் இனம்தான். எழுத்தும் பார்கோடும் கூர்மையாக விழ, அதில் கறுப்புக்கென்று தனிப் பகுதி கூடுதலாக இருக்கும்.

இயந்திரம் ஒருமுறை, ரிப்பன் ஒவ்வொரு முறை

வாங்குபவர்கள் முதலில் கேட்பது இயந்திரத்தின் விலை. கேட்க வேண்டியது ஒரு படத்துக்கு ஆகும் செலவு.

ரிப்பன் பிரிண்டரில் இதைக் கணக்கிடுவது சுலபம். படம் முழுக்க வண்ணமாக இருந்தாலும், வெள்ளைத் தாளில் ஒரே ஒரு சிவப்புப் புள்ளி இருந்தாலும் ரிப்பனில் ஒரு பங்கு தீர்ந்துவிடும். எனவே செலவு மாறாது. டிஎன்பி நிறுவனத்தின் ஆர்எக்ஸ்1எச்எஸ் பிரிண்டரை எடுத்துக்கொண்டால், 4க்கு 6 அங்குலப் படம் ஒன்றுக்கு 12.4 விநாடி, ஒரு சுருளில் 700 படங்கள். சுருள், ரிப்பன் இரண்டின் விலையையும் கூட்டி 700-ஆல் வகுத்தால் கணக்கு முடிந்தது. கேனன் செல்ஃபி சிபி1500 கையில் தூக்கிச் செல்லக்கூடிய சிறிய இயந்திரம்; விலையும் குறைவு. ஆனால் ஒரு படத்துக்குச் சுமார் 40 விநாடி ஆகும். மேடையில் வாழ்த்த 300 பேர் வரிசையில் நிற்கும்போது அந்த வேகம் போதாது. நாளுக்கு ஐந்தாறு பேர் வரும் சிற்றூர் ஸ்டூடியோவுக்கு அதுவே தாராளம்.

ஒரு மாதிரிக் கணக்கு. இயந்திரம் ஒரு லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். படத்துக்குத் தாளும் ரிப்பனும் 14 ரூபாய். அட்டை உறை, ஆள் கூலி, வண்டிச் செலவு எல்லாம் சேர்த்து 11 ரூபாய். படத்தை 40 ரூபாய்க்குக் கொடுத்தால் மிஞ்சுவது 15 ரூபாய். போட்ட முதலைத் திரும்ப எடுக்க 6,667 படங்கள் வேண்டும். கல்யாணத்துக்கு 300 படம் என்றால் 23 கல்யாணங்கள். போட்டிக்கு வந்த இன்னொருவர் 35 ரூபாய்க்கு இறங்கி, நீங்களும் இறங்கினால் மிச்சம் 10 ரூபாய்தான். அப்போது 34 கல்யாணங்கள் வேண்டும். விலையில் ஐந்து ரூபாய் குறைந்ததில் பதினொரு முகூர்த்தங்கள் கூடிவிட்டன. இயந்திரத்தின் விலையில் ஐயாயிரம் குறைத்து வாங்கிய சாமர்த்தியம் இதன் முன்னே ஒன்றுமில்லை.

தாளின் அளவும் பணம்தான். 6க்கு 8 அங்குலச் சுருளைப் போட்டுக்கொண்டு 4க்கு 6 படம் ஒன்றே ஒன்று எடுத்தால், பல இயந்திரங்களில் ரிப்பனின் மீதிப் பாதி வீண். சில பிரிண்டர்களில் மட்டும் ரிப்பனைப் பின்னால் சுற்றி அந்தப் பாதியை அடுத்த படத்துக்கு எடுத்துக்கொள்ளும் வசதி உண்டு. வாங்குமுன் கேட்க வேண்டிய கேள்வி இது. பாஸ்போர்ட் அளவுப் படங்களை நம்பியிருக்கும் ஸ்டூடியோவுக்கு வேறு கணக்கு: 35க்கு 45 மில்லிமீட்டர் படங்கள் 4க்கு 6 தாளில் எட்டு அடங்கும். ஒரு தாளின் செலவில் எட்டுப் படம்.

ரிப்பன் எங்கே கிடைக்கும் என்பதும் முக்கியம். பல நிறுவனங்களின் ரிப்பனில் சிப் பொருத்தப்பட்டிருக்கிறது. வேறு நிறுவனத்தின் சரக்கையோ, வேறு நாட்டுக்கென்று தயாரான சரக்கையோ இயந்திரம் ஏற்றுக்கொள்ளாது. வெளிநாட்டிலிருந்து உறவினர் மலிவாக வாங்கி வந்த பிரிண்டர், இங்கே ரிப்பன் கிடைக்காமல் மூலையில் முடங்க இதுவே போதும். ஊரிலோ, ஒரே நாளில் பார்சல் வரும் தூரத்திலோ ரிப்பன் வைத்திருக்கும் இரண்டு விற்பனையாளர்களாவது இல்லாத இயந்திரத்தை, எத்தனை மலிவாகக் கிடைத்தாலும் தொடாமல் இருப்பது நல்லது.

பாலியஸ்டரின் பிடிவாதம்

கோப்பை, டி-ஷர்ட் தொழிலில் கால் வைக்க முதலீடு குறைவு. ஏமாற்றமும் அங்கேதான் அதிகம்.

முதல் விதி: இந்தச் சாயம் பாலியஸ்டரையும், பாலிமர் பூச்சு பூசிய பொருளையும் மட்டுமே பிடிக்கும். பருத்தியில் நிற்காது. சலவைக்குப் போய்வந்ததும் வெளிறிவிடும். பாலியஸ்டர் கலந்த துணியில் பருத்தியின் பங்கு கூடக் கூடப் படம் மங்கும். திருப்பூரின் பருத்திப் பனியனை வாங்கி அதில் சப்ளிமேஷன் போடலாம் என்று கணக்குப் போட்டால் பொருளும் போய், வாடிக்கையாளரும் போவார். பருத்திக்கு ஸ்கிரீன் பிரிண்டிங் இருக்கிறது. டிடிஎஃப் என்ற படலம் வழி அச்சு முறையும் வேகமாகப் பரவியிருக்கிறது.

இரண்டாவது விதி: இந்த முறையில் வெள்ளை மை கிடையாது. படத்தில் வெள்ளை வேண்டிய இடத்தில் துணியின் நிறமே தெரியும். எனவே வெள்ளை அல்லது வெளிர் நிறத் துணியில்தான் படம் எடுபடும். கறுப்பு டி-ஷர்ட்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கும் கல்லூரி மாணவர்கள் உங்கள் வாடிக்கையாளர்கள் என்றால், இது உங்களுக்கான இயந்திரம் அல்ல.

மூன்றாவது விதி: எல்லா இங்க்ஜெட்டும் இதற்கு ஆகாது. மையைச் சூடாக்கித் துப்பும் வகைப் பிரிண்டர்களில் சப்ளிமேஷன் மை வேலை செய்யாது. அழுத்தத்தால் துப்பும் பீஸோ வகை ஹெட் வேண்டும். எப்சன் பிரிண்டர்கள் இந்தத் தொழிலில் இவ்வளவு புழங்கக் காரணம் அதுதான். இங்கே இரண்டு வழிகள். சாதாரண டாங்க் பிரிண்டரை வாங்கி, தொடக்கத்திலிருந்தே வேறு நிறுவனத்தின் சப்ளிமேஷன் மையை ஊற்றிக்கொள்வது ஒன்று. சப்ளிமேஷனுக்கென்றே தயாரான பிரிண்டரை வாங்குவது மற்றொன்று. முதல் வழியில் முதலீடு குறைவு. ஆனால் பழுது வந்தால் வாரண்டியில் நியாயம் கேட்க முடியாமல் போகலாம், வண்ணத்தைச் சரிசெய்யும் தலைவலியும் உங்களுடையது. இரண்டாவது வழியில் விலை கூடுதல். மையும் விலை கூடுதல். ஆனால் மையும் மென்பொருளும் இயந்திரத்தோடு பொருந்தி வரும். வாரத்துக்கு இருபது கோப்பை போடுபவர் முதல் வழியில் பழகலாம். பள்ளி, கிளப் என்று மொத்தமாக ஜெர்ஸி ஆர்டர் எடுத்து, குறித்த தேதியில் கொடுக்க வேண்டியவருக்கு இரண்டாவது வழியே பத்திரம்.

காகிதத்தில் படம் மங்கலாக வந்திருக்கிறதே என்று புதியவர்கள் பதறுவதுண்டு. அது இயல்பு. சூடு பட்ட பிறகுதான் நிறம் எழும்பும். எவ்வளவு எழும்பும் என்பது மை, காகிதம், பொருள், சூடு, நேரம் ஆகிய ஐந்தையும் பொறுத்தது. ஒன்றை மாற்றினாலும் நிறம் மாறும். மலிவாகக் கிடைத்தது என்று மாதத்துக்கொரு மை வாங்குபவரிடம், போன வருடம் போட்ட அதே சிவப்பு வேண்டும் என்று பள்ளி நிர்வாகம் கேட்டால் அவர் திண்டாடத்தான் வேண்டும்.

கோப்பைக் கணக்கில் சேதாரத்தை மறக்கக் கூடாது. பூச்சுள்ள கோப்பை 80 ரூபாய், மையும் காகிதமும் 5, பெட்டி 15 என்றால் அடக்கம் 100 ரூபாய் என்று தோன்றும். ஆனால் பத்தில் ஒன்று கறைபட்டோ, நகர்ந்து நிழல் விழுந்தோ வீணானால், நல்ல கோப்பை ஒன்றின் அடக்கம் சுமார் 110 ரூபாய். மின்சாரமும் உங்கள் உழைப்பும் அதற்கு மேல். பூச்சு சரியில்லாத கோப்பைகள் பத்தில் மூன்றை வீணாக்கும். ஐந்து ரூபாய் குறைவாகக் கிடைத்த சரக்கு உண்மையில் மலிவா என்று அப்போது தெரியும்.

அட்டையில் ஒரு ஆபத்து

பள்ளிகள், கல்லூரிகள், தொழிற்சாலைகள் என அடையாள அட்டைக்குத் தேவை ஓயாது. ஒரு ரிப்பனில் வழக்கமாக 200 அல்லது 300 அட்டைகள் போடலாம். அட்டையின் ஒரு பாதியில் மட்டும் புகைப்படம், மீதியில் கறுப்பு எழுத்து என்றால், வண்ணப் பகுதி பாதியாக உள்ள ரிப்பன் போதும், செலவு குறையும். இருபுறமும் அச்சிடும் இயந்திரம் விலை கூடுதல். நாளுக்கு முப்பது அட்டை போடுபவர் கையால் திருப்பிப் போட்டே சமாளிக்கலாம். ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது ஆயிரக்கணக்கில் போட வேண்டியவரால் முடியாது.

பலரும் கவனிக்காதது சட்டத்தின் பக்கம். ஆதாரைப் பிளாஸ்டிக் அட்டையாகப் போட்டுக் கொடுப்பதைத் தொழிலாகச் செய்தவர்கள் நாடெங்கும் உண்டு. பிளாஸ்டிக் அட்டையில் அச்சிடும்போது க்யூஆர் கோடு பயனற்றுப் போகலாம், தனிநபர் தகவல்கள் கசியலாம் என்று 2018 பிப்ரவரியிலேயே ஆதார் ஆணையம் எச்சரித்தது. 2020-ல் ஆணையமே 50 ரூபாய்க்கு பிவிசி அட்டை அனுப்பத் தொடங்கியது. வெளிச்சந்தையில் போட்ட பிவிசி அட்டைகளில் பாதுகாப்பு அம்சங்கள் இல்லை, அவற்றைப் பயன்படுத்த வேண்டாம் என்று 2022 ஜனவரியில் மீண்டும் சொன்னது. அட்டைப் பிரிண்டர் விற்பவர் ஆதார் வருமானத்தைக் காட்டி ஆசையூட்டினால், அந்த வரியை அடித்துவிட்டு மீதிக் கணக்கைப் பாருங்கள்.

தீர்ந்த ரிப்பனிலும் கவனம் தேவை. அச்சிட்ட ஒவ்வொரு முகமும், கறுப்புப் பகுதியில் பெயரும் எண்ணும் பிலிம் நெகடிவ்போல அதில் அப்படியே பதிந்திருக்கும். பள்ளிக் குழந்தைகளின் படமும் முகவரியும் உள்ள ரிப்பனைக் குப்பைத் தொட்டியில் வீசுவது, அவர்களின் பட்டியலைத் தெருவில் வைப்பதற்குச் சமம். துண்டு துண்டாக வெட்டி அழிப்பதே முறை. பெரிய நிறுவனங்கள் ஒப்பந்தம் போடும்போது இதைக் கேட்கின்றன.

பிரபல கிரிக்கெட் அணியின் சின்னத்தையோ சினிமா போஸ்டரையோ அனுமதியின்றி ஜெர்ஸியிலும் கோப்பையிலும் போட்டு விற்பதும் இதே ரகம். இயந்திரம் மறுக்காமல் அச்சிடும். வணிகச் சின்னச் சட்டமும் காப்புரிமைச் சட்டமும் மறுக்கும்.

மின்சாரம், தூசி, மழை

விளம்பரப் படத்தில் வருவது குளிரூட்டிய அறை. தொழில் நடப்பது பெரும்பாலும் தெருவைப் பார்த்த பத்துக்குப் பத்து கடையில்.

டி-ஷர்ட் போடும் ஹீட் பிரஸ் ஒன்று சூடேறும்போது ஒன்றரை முதல் இரண்டு கிலோவாட் வரை இழுக்கும். கடையின் வயரிங் தாங்குமா, மின் இணைப்பின் லோடு போதுமா என்று முதலில் எலெக்ட்ரீஷியனிடம் கேட்க வேண்டும். கம்ப்யூட்டருக்கு வைத்த யுபிஎஸ் அதைத் தாங்காது. ரிப்பன் பிரிண்டரில் படம் பாதியில் இருக்கும்போது மின்சாரம் போனால், அந்தப் பங்கு ரிப்பனும் தாளும் நஷ்டம். அடிக்கடி மின்வெட்டு உள்ள ஊரில் பிரிண்டருக்கு நல்ல யுபிஎஸ்ஸும் முதலீட்டின் பகுதிதான்.

தூசி ரிப்பன் பிரிண்டரின் பகைவன். தாளுக்கும் ரிப்பனுக்கும் இடையில் ஒரு துகள் நின்றாலும் அங்கே சாயம் இறங்காது. படத்தில் வெள்ளைப் புள்ளி விழும். ஈரப்பதம் சப்ளிமேஷன் காகிதத்தின் பகைவன். மும்பை, கொல்கத்தா மழைக்காலத்தில் திறந்து வைத்த காகிதம் ஈரத்தை உறிஞ்சி, சூட்டில் ஆவியைக் கக்கிப் படத்தைக் கலைக்கும். காகிதத்தைக் காற்றுப் புகாத உறையில் வைப்பதும், துணியைச் சில விநாடி முன்கூட்டியே அழுத்தி ஈரம் போக்குவதும் இதற்கு மாற்று.

ஆடி மாதம் போல முகூர்த்தமில்லாத நாட்களையும் யோசிக்க வேண்டும். ரிப்பன் பிரிண்டரை மூடி வைத்துவிட்டு ஒரு மாதம் கழித்து எடுத்தாலும் வேலை செய்யும். இங்க்ஜெட் அப்படியல்ல, ஓட்டாமல் விட்டால் மை காய்ந்து துவாரங்கள் அடைபடும். வேலை இல்லாவிட்டாலும் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை ஒரு பக்கமாவது அச்சிட வேண்டும்.

கடனுக்கு முன்

2015-ல் தொடங்கிய முத்ரா திட்டத்தில் சிஷு பிரிவில் 50,000 ரூபாய் வரையும், கிஷோர் பிரிவில் 5 லட்சம் வரையும் ஈடு இல்லாமல் கடன் தரப்படுகிறது. கோப்பைத் தொழில் முதல் பிரிவுக்குள்ளேயே அடங்கிவிடக்கூடும். புகைப்பட, அட்டைப் பிரிண்டர்களுக்கு இரண்டாவது பிரிவு தேவைப்படலாம். 2008-ல் வந்த பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டத்தில் மானியம் 15 முதல் 35 சதவிகிதம் வரை நிர்ணயிக்கப்பட்டது. ஆனால் அது உடனே கைக்கு வரும் ரொக்கம் அல்ல. மூன்று ஆண்டுகள் வங்கியில் வைப்பாக இருந்து, தொழில் நடப்பது உறுதியான பின்பே கடனில் கழியும். அதை நம்பி ரிப்பன் வாங்க முடியாது. நடப்பு விதிகளை மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டுக்கொள்வது அவசியம்.

கடன் தொகை முழுவதையும் இயந்திரத்தில் போட்டுவிடுவது பலரும் செய்யும் தவறு. மூன்று மாதத்துக்கான ரிப்பன், தாள், கோப்பைகள், வாடகை ஆகியவற்றுக்குப் பணம் ஒதுக்கிவிட்டு, மிஞ்சுவதில் இயந்திரத்தைத் தேட வேண்டும். பழைய பிரிண்டர் வாங்கினால், அதுவரை எத்தனை படம் ஓடியிருக்கிறது என்ற கணக்கை இயந்திரத்திலிருந்தே எடுத்துக் காட்டச் சொல்லலாம். ஹெட் மாற்றும் செலவை முன்கூட்டியே விசாரித்து விலையில் கழித்துப் பேச வேண்டும்.

கடைக்காரர் காட்டும் மாதிரிப் படத்தை நம்ப வேண்டாம். அது அந்த இயந்திரத்துக்கு நன்றாக வரும் என்று தெரிந்தே தேர்ந்தெடுத்தது. உங்கள் ஊர்க் கல்யாணத்தில் எடுத்த படத்தைப் பென் டிரைவில் கொண்டுபோங்கள்: அரக்குப் பட்டு, தங்க நகை, மாநிறமும் கறுப்புமான முகங்கள், மாப்பிள்ளையின் கறுப்புக் கோட்டு எல்லாம் ஒரே சட்டத்தில் இருக்கட்டும். முகம் சாம்பல் பூத்தாலோ, கோட்டின் மடிப்புகள் கரிக்கட்டியாகத் தெரிந்தாலோ வேறு இயந்திரத்தைப் பாருங்கள். தொடர்ந்து ஐம்பது படம் ஓட்டச் சொல்லுங்கள். முதல் படமும் ஐம்பதாவது படமும் ஒன்றாக இருக்க வேண்டும். பழுதானால் ஆள் கடைக்கு வருவாரா, இயந்திரத்தை நீங்கள் தலைநகருக்குச் சுமக்க வேண்டுமா, அதுவரை மாற்று இயந்திரம் தருவார்களா என்பதை ரசீதிலேயே எழுதி வாங்குங்கள்.

இத்தனைக்கும் முன்னால் ஒரு சோதனை உண்டு. இயந்திரம் வாங்காமலே பத்து ஆர்டர் பிடித்துப் பாருங்கள். அச்சு வேலையை ஏற்கெனவே தொழிலில் இருப்பவரிடம் கொடுத்து வாங்கி விற்றுப் பாருங்கள். லாபம் சொற்பமாகவே இருக்கும். ஆனால் உங்கள் ஊரில் கேட்கப்படுவது கோப்பையா, ஜெர்ஸியா, அட்டையா, கல்யாணப் படமா என்பது இரண்டு மாதத்தில் தெரிந்துவிடும். எந்த இயந்திரம் என்ற கேள்விக்குப் பதில் நேரு ப்ளேஸில் இல்லை. அந்தப் பத்து ஆர்டர்களில் இருக்கிறது.